பொட்டா, ஓட்டா

மியூசியத்துக்குங்களா? இப்பப் போனீங்கன்னா பூட்டுதானுங்க தொங்கும். சாப்பாட்டுக்குப் பூட்டிட்டுப் போற வாட்ச்மேன் ஒரு தூக்கம் போட்டுட்டுத்தான் வந்து தொறப்பாரு. உக்காருங்க. அந்த ஸ்டூல்ல மாவு இருக்கும், தட்டிட்டு உக்காருங்க. எனக்கும் கரண்டு இல்ல. கரண்டு வர்ற வரைக்கும் இந்த மில்லுல எனக்கென்ன வேலை, சொல்லுங்க.

வெளியூருங்களா? பாத்தாலே தெரியுது. உள்ளூர்க்காரங்க யாரும் என்கிட்ட வந்து மியூசியத்துப் பேச்சை எடுக்க மாட்டாங்க. எடுத்தா நான் எங்க ஆரம்பிச்சு எங்க நிறுத்துவேன்னு அவங்களுக்குத் தெரியும்.

என் பேரு ஆறுச்சாமிங்க. சுயேச்சை ஆறுச்சாமின்னு பஸ் ஸ்டாண்டுல கேட்டாலே இங்க கையக் காட்டுவாங்க. வார்டு, கூட்டுறவு சங்கம், ஒருக்கா எம்மெல்லே, எல்லாத்துக்கும் நின்னு பாத்தாச்சு. ஜெயிச்சதில்ல. அது வேற விசயம். நான் தோத்ததுக்கு சனங்க காரணமில்லீங்க, சின்னந்தான் காரணம். கட்சிக்காரங்க எல்லாம் எடுத்துட்டுப் போனது போக மிச்சம் மீதி கெடக்கறதத்தான் சுயேச்சைக்குக் குடுப்பாங்க. ஒருக்கா எனக்கு நகவெட்டி குடுத்தாங்க. ஊடு ஊடாப் போயி, நகவெட்டிக்குப் போடுங்கன்னு கேட்டா, 'குடுத்துட்டுப் போங்கண்ணா, நல்லா வெட்டுதான்னு பாத்துட்டுச் சொல்றோம்'ங்கறாங்க. இன்னொருக்கா குடைமொளகா. அப்பெல்லாம் எங்கூர்ல அதைக் கண்ணுல பாத்தவங்களே கம்மி. கோயமுத்தூரு மார்க்கெட்டுல வாங்கியாந்து கையில புடிச்சுட்டு ஓட்டு கேட்டேன். சனங்க காதுல 'குடை'ங்கறது மட்டும் விழுந்திருக்குது. அதே எலெக்சன்ல குடைச் சின்னத்துல ஒருத்தன் நின்னான். எனக்கு விழ வேண்டியது பூராவும் அவனுக்கு விழுந்து, அவன் கவுன்சிலரே ஆயிப்போட்டான். இப்பவும் என்னையப் பாத்தா வண்டிய நிறுத்தி ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் போவான்.

போன வார்டு எலெக்சன் கதை இதுக்கும் மேல. எங்க பூத்துல எனக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டுங்க. அது நான் போட்டது. அப்ப எங்கூட்டுக்காரி சாந்தாமணி போட்டது எங்க போச்சு? மெஷின் கோளாறுங்க. மனு எழுதிக் குடுத்தேன், எவனும் கண்டுக்கல. சாந்தாமணிதான், 'உடுங்க, மெஷினுக்கு என்ன தெரியும்'னு என்னைய ஆத்துனா. மனுசன்னா ஒரு ஆறுதல் வேணுமில்லீங்களா.

நெலம இப்படி இருக்கறப்பத்தான் மில்லு செவுத்துல ஒரு போஸ்டர் ஒட்டுனாங்க. அருங்காட்சியகத்திற்குச் சின்னம் வேண்டும், நீங்களே வரையலாம், எல்லா வயதினரும் கலந்துகொள்ளலாம், வெற்றி பெறும் சின்னத்தைப் பொதுமக்களே தேர்ந்தெடுப்பார்கள்னு. நான் ரெண்டு தடவை படிச்சேன். சின்னம்னு இருக்குது. பொதுமக்கள் தேர்ந்தெடுப்பாங்கன்னு இருக்குது. எங்கூர்ல இதுக்கு எலெக்சன்னு பேருங்க. அதுலயும் 'நீங்களே வரையலாம்'னு போட்டிருந்தாங்க பாருங்க, அங்கதான் நான் உழுந்துட்டேன். வாழ்க்கையில மொதத் தடவையா எனக்கு வேணுங்கற சின்னத்த நானே எடுத்துக்கலாம். நகவெட்டி கெடையாது, மொளகா கெடையாது. இதுல தோத்தா ஆறுச்சாமி இனி எதுலயும் ஜெயிக்கப் போறதில்லன்னு அன்னைக்கே மனசுல எழுதி வெச்சுட்டேன்.

வெள்ளை வேட்டி சட்டை போட்டுட்டு நேரா மியூசியத்துக்குப் போனேன். பழைய தாலுக்கா ஆபீசுக் கட்டடந்தான். பிரேமகுமாரின்னு ஒரு மேடம், அவங்கதான் அங்க காப்பாட்சியர், அதாவது மொத்த மியூசியத்துக்கும் பொறுப்பு. தங்கமான மனுசி. 'ஏனுங்க மேடம், மியூசியம் எந்த வார்டுல நிக்குது'ன்னு கேட்டேன். 'இதே வார்டுலதானுங்க ஐயா, அறுவது வருசமா இதே எடத்துலதான் நிக்குது'ன்னாங்க. அறுவது வருசமா ஒரே வார்டுல விடாம நிக்கறாங்களேன்னு எனக்கு ஒரு மரியாதையே வந்துருச்சு. டெபாசிட் எவ்வளவுன்னேன். டெபாசிட்டெல்லாம் கெடையாதுன்னாங்க. சொன்னா நம்ப மாட்டீங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. டெபாசிட்டே இல்லாத எலெக்சன்ல டெபாசிட் எப்படிப் போகும்?

என்ன வரையறதுன்னு ரொம்ப ரோசனை. கடைசியில கும்புடற கை வரைஞ்சேன். ரெண்டு கையும் சேத்து வெச்சாப்பல, அடியில 'உங்கள் ஆறுச்சாமி'ன்னு. மேடம் வாங்கிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. 'இதுல மியூசியம் எங்கீங்க ஐயா'ன்னாங்க. 'வர்றவங்களைக் கும்புட்டு வரவேக்கறமல்ல, அதுதானுங்க மியூசியம்'னேன். 'கையில ஆறு விரல் இருக்குதுங்களே'ன்னாங்க. எனக்கும் அப்பத்தான் தெரியும். ஆனா அரசியல்ல இருக்கறவன் தடுமாறக் கூடாது பாருங்க. 'ஆறுச்சாமிங்க மேடம். ஆறு'ன்னேன். அவங்க அதை எடுத்து மேசையில வெச்சுக்கிட்டாங்க.

அப்புறம் மத்த வேட்பாளருங்க யாருன்னு வெசாரிச்சேன். காலேஜ் பசங்க ரெண்டு பேரு கம்ப்யூட்டர்ல ஒரு வட்டத்தப் போட்டு அதுக்குள்ள என்னமோ கோடு கிழிச்சுக் குடுத்திருந்தாங்க. ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர் ஒருத்தரு முதுமக்கள் தாழி வரைஞ்சிருந்தாரு. அவருக்கு ஊர்ல பேச்சு வார்த்தை கெடையாது, ஓட்டும் கெடையாது. அவங்களுக்கு அக்கட்டால மிதுஷான்னு ஒரு புள்ள. யூகேஜி. நம்ம மொபைல் கடைக்காரன் மக. எங்கூரு மியூசியத்துல ஒரு அம்மன் சிலை இருக்குதுங்க, ஏரி தூர் வாரறப்ப கெடச்சது, கழுத்துக்கு மேல ஒண்ணும் இருக்காது. இந்தப் புள்ள அந்த அம்மனுக்கு ஒரு தலைய வரைஞ்சு வெச்சிருக்குது. ரெட்டைச் சடை, ரிப்பன், காது வரைக்கும் சிரிப்பு.

நான் ஆட்சேபணை சொன்னேன். கவுன்சிலருக்கு நிக்கோணும்னாலே இருவத்தொண்ணு ஆகோணும், இதுக்கு அஞ்சு வயசு, ஓட்டர் லிஸ்ட்டுல பேரே இல்லயேன்னேன். மேடம் பொறுமையாச் சொன்னாங்க. 'ஐயா, எல்லா வயதினரும்னு போட்டிருக்கோம். யூகேஜி புள்ளைகிட்டப் போயி வாக்காளர் அட்டை கேக்க முடியுங்களா'ன்னு. நானும் உட்டுட்டேன். அஞ்சு வயசுப் புள்ளை பிரச்சாரம் பண்ணி நம்மளத் தோக்கடிச்சுருமாக்கும்னு ஒரு தெகிரியம்.

பிரச்சாரத்துல நான் ஒரு கொறையும் வெக்கல. மியூசியத்துல ஓட்டு எப்படின்னா, மெஷின் இல்லீங்க. அதுதான் எனக்குப் புடிச்சுது. உள்ள வர்ற ஒவ்வொருத்தருக்கும் செவப்பா வட்டமா ஒரு ஸ்டிக்கர் குடுப்பாங்க. படங்களை வரிசையா மாட்டியிருக்கும். ஒவ்வொரு படத்துக்கு அடியிலயும் ஒரு கட்டம். புடிச்ச படத்தோட கட்டத்துல ஸ்டிக்கரை ஒட்டோணும். அவ்வளவுதான். கண்ணுக்கு நேரா நடக்கற காரியம், யாரு ஓட்டும் காணாமப் போகாது.

நம்ம பொம்பளைங்களுக்குப் புரியறாப்பல சொல்லோணுமில்லீங்களா. மொளகா அரைக்க வர்றவங்க, ராகி அரைக்க வர்றவங்க, எல்லாரையும் மில்லுல நிறுத்திப் பழக்குனேன். அந்த ஸ்டிக்கருக்கு எங்க போறது? பேன்சி கடையில ஸ்டிக்கர் பொட்டு அட்டை அட்டையா வாங்கியாந்தேன். செவுத்துல கும்புடற கைய வரைஞ்சு, அடியில கட்டம் போட்டு, ஒவ்வொருத்தரும் வந்து ஒரு பொட்டு வைங்கன்னேன். அழகா வெச்சாங்க. 'மிச்சப் பொட்ட நாங்க எடுத்துக்கலாங்களாண்ணா'ன்னாங்க. எடுத்துக்குங்கன்னேன். ஆட்டோவுல மைக் கட்டி ஊரு பூராச் சொன்னேன். 'உங்கள் பொட்டு ஆறுச்சாமிக்கே.' ஜெயிச்சா ஆளுக்கு ஒரு படி மொளகா இனாமா அரைச்சுத் தர்றேன்னேன். அது வாக்குறுதிங்க, லஞ்சத்துல சேராது.

ஓட்டுப் போடற நாளும் வந்துச்சு. ரெண்டு வேன் நெறையப் பொம்பளைங்களை ஏத்திட்டுப் போயி எறக்குனேன். எல்லாரும் நல்ல சேலை கட்டி, தலைக்குப் பூ வெச்சு, என்னமோ திருவிழாவுக்குப் போற மாதிரி. மியூசியத்துல ஒரு நாள்ல அத்தன சனத்த அவங்க பாத்ததே இல்லயாமா. மேடம் மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம். நான் சாந்தாமணிய வரிசையில மொத ஆளா நிறுத்துனேன். வேட்பாளர் சம்சாரம் போட்டுக் காட்டுனா பின்னால வர்றதுக தன்னால போடும், அது எலெக்சன் கணக்குங்க. காதுலயும் ஒருக்காச் சொல்லி உட்டேன். மூணாவது படம், கும்புடற கை, அடியில கட்டம்.

மொதப் படம் மாஸ்டர் தாழி. தாண்டிட்டா. ரெண்டாவது படம் அந்தப் புள்ளையோட அம்மன். அங்க போயி நின்னா.

நிக்கறா, நிக்கறா, அப்படியே நிக்கறா. நான் இங்கிருந்து கையக் காட்டறேன், அடுத்தது, அடுத்ததுன்னு. அவ என்னையப் பாக்கவே இல்ல. விரல் நுனியில ஸ்டிக்கர். அந்தப் புள்ள எல்லாம் வரைஞ்சிருக்குது, கம்மல் வரைஞ்சிருக்குது, மூக்குத்தி வரைஞ்சிருக்குது, நெத்தியில ஒண்ணும் வெக்கல. அம்மன் வெறும் நெத்தியோட சிரிச்சுட்டு நிக்குது. சாந்தாமணி ஒரு எட்டு முன்னால வெச்சா. அந்தச் செவப்பு ஸ்டிக்கரை அம்மன் நெத்திக்கு நடுவுல, ரெண்டு புருவத்துக்கும் மத்தியில, அளந்து வெச்ச மாதிரி வெச்சா. வெச்சுட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டா.

அவ்வளவுதானுங்க. எலெக்சன் கணக்கு நெசமாயிருச்சு. பின்னால வந்தவ வெச்சா. அதுக்குப் பின்னால வந்தவளும் வெச்சா. ஒருத்தியாச்சும் கட்டத்த எட்டிப் பாக்கோணுமே. நெத்தியில எடமில்லாம மூக்குக்கு வந்து, கன்னத்துக்கு வந்து, தாவாங்கட்டைக்கு வந்து, அம்மனுக்கே அம்மை போட்ட மாதிரி ஆயிப்போச்சு. ஒருத்தி தலையில இருந்த பூவ எடுத்து சட்டத்துல சொருகறா. வாட்ச்மேன் ஓடியாந்து, 'மேடம், கற்பூரம் கொளுத்தறாங்க மேடம்'னு கத்தறாரு. நான் 'மூணாவது, மூணாவது'ன்னு கத்தறேன். என் படத்துக்கு முன்னால வந்தவங்க எல்லாம் கையில ஸ்டிக்கர் இல்லாம, பாவம், ஒரு கும்புடு போட்டுட்டுப் போனாங்க. கும்புடற கையில்லீங்களா.

சாயங்காலம் எண்ணுனாங்க. கட்டத்துக்குள்ள விழுந்ததுல நாந்தான் மொதல். மூணு ஓட்டு. ஒண்ணு நான் போட்டது, ஒண்ணு வேன் டிரைவரு, இன்னொண்ணு யாருன்னு தெரியல. காலேஜ் பசங்களுக்கு ரெண்டு. மாஸ்டருக்கு அவரே போட்டது ஒண்ணு. அந்தப் புள்ளையோட கட்டத்துல ஒண்ணுகூட இல்ல. சுத்தம். இருந்தது பூராவும் மூஞ்சியிலதான்.

நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன். ஓட்டுங்கறது கட்டத்துக்குள்ள இருக்கோணும். நெத்தியில வெச்சதுக்குப் பேரு பொட்டு. பொட்டு செல்லாது. ஆகக் கட்டத்துல எவனுக்கு எச்சோ அவன்தான் ஜெயிச்சான். சட்டப்படி நான் சொன்னதுல தப்பு உண்டுங்களா, நீங்களே சொல்லுங்க. மேடமே, 'விதி அப்படித்தான் இருக்குது'ன்னு ஒத்துக்கிட்டாங்க. அந்தப் புள்ள அவங்கம்மா சேலையப் புடிச்சுட்டு என்னையவே பாத்துச்சு. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ஜெயிக்கறவனுக்கு இப்படித்தான் அடிச்சுக்கும்போலன்னு நெனச்சேன். எனக்கு எப்படித் தெரியும், முன்னப் பின்ன ஜெயிச்சிருந்தாத்தானே.

நடுவருன்னு ஒரு ரிட்டயர்டு தாசில்தாரை உக்கார வெச்சிருந்தாங்க. எத்தனையோ எலெக்சன் நடத்துன மனுசன். கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டுச் சொன்னாரு. 'சீட்டுல ஓட்டுப் போட்ட காலத்துல முத்திரை கோட்டு மேல விழுந்தா, போட்டவங்க யாருக்குப் போட நெனச்சாங்கன்னு பாத்து அவங்க கணக்குல சேத்துருவோம். அது ஒரு பக்கம். நீங்களே மைக் கட்டி உங்கள் பொட்டு ஆறுச்சாமிக்கேன்னு ஊரு பூராக் கூவுனீங்க. என் ஊட்டுக்கு முன்னால நின்னு கூவுனீங்க. அப்ப பொட்டும் ஓட்டும் ஒண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க?'

அவரே, 'எதுக்கு வழக்கு, வெச்சவங்களையே கேட்டுருவோம். மொதல்ல வெச்சது யாரு'ன்னாரு.

எனக்கு உசிரு வந்துருச்சுங்க. மொதல்ல வெச்சது எம்பொண்டாட்டியில்லீங்களா. பொட்டுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் ஜெயிச்சேன். வாழ்க்கையில ஒரு தடவ, ஒரே தடவ. சாந்தாமணி முன்னால வந்தா. நான் கண்ணு சாடை காட்டுனேன். பொட்டுன்னு சொல்லு, பொட்டு.

'ஏனம்மா, நீங்க அந்தப் படத்துல வெச்சது பொட்டா, ஓட்டா'ன்னாரு தாசில்தாரு.

சாந்தாமணி என்னைய ஒருக்காப் பாத்தா. சேலைத் தலைப்ப எடுத்து இடுப்புல சொருகுனா.

'ஓட்டுங்க'ன்னா.

'உங்க ஊட்டுக்காரரும் நிக்கறாருன்னு தெரிஞ்சுதான் போட்டீங்களா?'

'தெரிஞ்சுதானுங்க.'

பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க பாருங்க, கண்ணாடிப் பெட்டியெல்லாம் அதிருது. எதுக்குச் சிரிச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. சாந்தாமணி பயந்துட்டாளுங்க, வேற ஒண்ணுமில்ல. ஆபீசருங்க முன்னால நின்னு பழக்கமில்ல, நாக்கு பெரண்டுருச்சு. பொட்டுன்னு சொல்ல வந்து ஓட்டுன்னு வந்துருச்சு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதானுங்களே இருக்குது.

அந்தப் புள்ள ஜெயிச்சுருச்சு. இப்பப் போனா வாசல்லயே பாப்பீங்க, அந்த ரெட்டைச் சடை அம்மனைத்தான் பலகையில பெருசா அடிச்சு வெச்சிருக்காங்க, பொட்டோட. அன்னைக்கு வெளிய வர்றப்ப அந்தப் புள்ள ஓடியாந்து, 'தாத்தா, உங்க கை நல்லாருக்குது, ஒரு விரல்தான் எச்சா இருக்குது'ன்னுச்சு. தோத்தவன்கிட்ட வந்து பேசற பண்பு நம்ம கட்சிக்காரங்க யாருக்காச்சும் உண்டுங்களா? அழுதுட்டேன்னே வெச்சுக்குங்க.

அதுக்கப்புறம் நான் வெளிய தலைகாட்டறதில்ல. எப்பத் தோத்தாலும் எனக்கு அப்படித்தானுங்க. வெக்கமா இருக்கும். ஊரு, டீக்கடை, பஞ்சாயத்து, கலெக்டராபீசு எல்லாத்தையும் உட்டுப்போட்டு மில்லே கதின்னு கெடப்பேன். நானே மொளகா அரைப்பேன், நானே சலிப்பேன். மத்த நாள்ல சாந்தாமணிதான் இதெல்லாம். மொளகாக் காரம் அவளுக்கு ஆகாதுங்க, ராவும் பகலும் இருமிட்டே இருப்பா. இப்ப இருமல் நின்னுருச்சு. மத்தியானம் ஒரு தூக்கம் போடறா. தங்கச்சி ஊட்டுக்கு உடுமலைக்குப் போயி நாலு நாள் இருந்துட்டு வந்தா. மொகத்துல ஒரு தெளிச்சி. புருசன் தோத்த வருத்தம் உள்ளுக்குள்ள இருக்கும், காட்டிக்க மாட்டா.

நானும் இப்பக் கொஞ்சம் தேறிட்டு வர்றேன். முந்தாநேத்து மனசு கேக்காம வெள்ளைச் சட்டை போட்டுட்டு டீக்கடை வரைக்கும் போனேன். நாலு பேரு கூப்புட்டுப் பேசுனாங்க, பொழுது போனதே தெரியல. ஊட்டுக்கு வந்தா சாந்தாமணி மில்லுல நின்னுட்டு இருக்கறா, மூக்கை மூடிக்கிட்டு. சாப்பாடு போட்டா. போட்டுட்டு மெதுவாக் கேக்கறா, 'ஏனுங்க, கூட்டுறவு சங்கத்துக்கு எலெக்சன் வருதாமா, நீங்க நிக்கலீங்களா'ன்னு.

நான் சொன்னேன், வேண்டாம் சாந்தா, பட்டதெல்லாம் போதும், இனி ஒரு தோல்விய என்னால தாங்க முடியாதுன்னு. அவ உடவே இல்ல. அப்படிச் சொல்லக் கூடாது, நீங்க நின்னுத்தான் ஆகோணும்ங்கறா. கொழம்ப ஊத்தறா, நில்லுங்கங்கறா. மோரை ஊத்தறா, நில்லுங்கங்கறா. இந்த ஊர்ல எவன் பொண்டாட்டி இப்படிச் சொல்லுவா, சொல்லுங்க. இத்தன தடவ தோத்தவன் மேல இத்தன நம்பிக்கை யாருக்கு இருக்கும்?

'ஓட்டு யாரு போடுவா சாந்தா'ன்னேன். அவ என் தோள்ல ஒட்டியிருந்த மாவத் தட்டி உட்டா. 'நீங்க தெகிரியமா நில்லுங்க, நான் எப்பவும் போடற மாதிரியே போட்டுடறேன்'னா. எனக்கு அந்த ஒரு ஓட்டு போதுமுங்க. நாளைக்கு மனுத்தாக்கல்.